தொலைபேசி இலக்கம் மாற்றப் போனோம்: ஒரு பிரதேச செயலகத்தின் பதிவுச் சேவை

முதியோர் கொடுப்பனவு தொடர்பாக அம்மாவுக்கு எடுக்கப்பட்ட அழைப்பு முன்பின் அறியாத ஒருவருக்குப் போய், அவர் "பிழையான இலக்கம்" என்று வைத்துவிட்ட பிறகுதான், அரசாங்கப் பதிவில் அம்மாவின் பெயருக்கு நேரே யாருடைய இலக்கம் இருக்கிறது என்று நாங்கள் தேடத் தொடங்கினோம். போர் முடிந்து 2010இல் மீள்குடியேறிய வேளையில் எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசிதான் இருந்தது. அது சித்தப்பாவிடம் இருந்ததால், படிவம் நிரப்பிய இடமெல்லாம் எல்லோரும் அவருடைய இலக்கத்தையே எழுதினோம். பின்னர் சித்தப்பா அந்தச் சிம்மைக் கைவிட்டார். பாவனையற்றுப்போன இலக்கம் வேறொருவர் கைக்குப் போயிற்று. பதிவேடு மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திருத்துவதற்காக, இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள ஒரு பிரதேச செயலகத்துக்கு இரு தடவை சென்றுவந்ததைப் பற்றியே எழுதுகிறேன். எந்தச் செயலகம் என்று குறிப்பிடவில்லை; நான் சொல்லப்போகும் குறை ஓர் அலுவலகத்தோடு நிற்பதுமல்ல.

முதற்படி கிராம அலுவலர். இந்தப் படியைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டிலக்கம் என்பது பெரும்பாலும் பெயரளவில்தான். "மூன்றாம் வாய்க்கால், பிள்ளையார் கோயிலடி" என்பதுதான் முகவரி. எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் வவுனியாவுக்கு இடம் மாறினார், யார் வெளிநாடு போனார் என்பதெல்லாம் கிராம அலுவலருக்குத் தெரிந்திருப்பதால், எந்தக் கணினியும் தராத ஒரு சரிபார்ப்பு அங்கே கிடைக்கிறது. அவர் குடும்ப விபரப் பதிவேட்டைத் திறந்து, பழைய இலக்கத்தைச் சிவப்பு மையால் ஒற்றைக் கோடிட்டு வெட்டி, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் சிறுகையொப்பமும் திகதியும் இட்டார். அழித்து எழுதவில்லை, வெட்டுப்பட்ட இலக்கத்தை இன்னும் வாசிக்கலாம். பிறகு தம் தொலைபேசியை எடுத்துப் புதிய இலக்கத்துக்கு ஒருமுறை அழைத்தார். அம்மாவின் கைப்பைக்குள் மணி அடித்தது. "சரி அம்மா, இனி இது உங்கட இலக்கம்தான்" என்றார். அந்த அரை நிமிட வேலையைப் பத்து வருடங்களுக்கு முன்பு யாராவது செய்திருந்தால் நாங்கள் அலைந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த படி பிரதேச செயலகம். இங்கேதான் சிக்கல். கிராம அலுவலரின் பதிவேட்டில் திருத்தியது கொடுப்பனவுப் பிரிவுக்குத் தானாகப் போவதில்லை. 2023இல் தொடங்கிய அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசுமவுக்கும் தனிப் பதிவு. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே கேட்டது, ஒவ்வொன்றும் தேசிய அடையாள அட்டையின் பிரதியொன்றை வாங்கி வைத்துக்கொண்டது. அந்த அட்டையின் இலக்கம் வெறும் வரிசை எண் அன்று. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அந்த நாளோடு 500 கூட்டப்படும். பழைய ஒன்பது இலக்க எண்ணிலும், ஆண்டு இரண்டு இலக்கமாகச் சுருங்குவதைத் தவிர, இதே முறைதான். ஆகவே இலக்கத்தைச் சொன்னாலே பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சொன்னதாகிவிடும். அட்டையின் பிரதியிலோ படமும் முகவரியும் சேர்ந்தே இருக்கின்றன. பழைய கடதாசி வடை சுற்ற வரும் நாட்டில், ஒரு தொலைபேசி இலக்கத்தை மாற்ற இரண்டு பிரதிகள் எதற்கு என்ற என் கேள்விக்கு "கோவைக்குத் தேவை" என்பதே பதில்.

ஆனால் என்னைக் கூடுதலாக உறுத்தியது கருமபீடத்தில் நடந்ததுதான். உத்தியோகத்தர் மரியாதையான பிள்ளை. அம்மாவுக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார். காது சற்று மந்தம் என்று கண்டதும், உதவும் எண்ணத்தில், அடையாள அட்டை இலக்கம், பழைய இலக்கம், புதிய இலக்கம், மாதாந்தக் கொடுப்பனவுத் தொகை எல்லாவற்றையும் உரத்து வாசித்து "சரியோ அம்மா?" என்று கேட்டார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் கேட்டார்கள். அப்படிச் சரிபார்ப்பதில் இன்னொரு குறையும் உண்டு: வாசித்ததற்கெல்லாம் தலையாட்டுவது வயதானவர்களின் வழக்கம், ஆகவே பிழை இருந்தாலும் பிடிபடாது. திரையைத் திருப்பிக் காட்டியிருக்கலாம்; அல்லது கடைசி மூன்று இலக்கங்களை அம்மாவிடமே கேட்டிருக்கலாம்.

இதைச் சின்ன விடயம் என்று ஒதுக்க முடியாதது வன்னியின் வரலாற்றால். இங்கே பெண்கள் தனித்து நடத்தும் வீடுகள் நிறைய. ஒரு கைத்தொலைபேசி இலக்கம் வெளியே போனால் இரவு எந்நேரமும் அழைப்பு வரும், நுண்கடன் தருகிறோம் என்று ஆள் வருவார். 2009க்குப் பின் குடும்ப விபரம் கேட்டுப் படிவங்களோடு வந்தவர்கள் பலர். யார் எதற்காகக் கேட்கிறார் என்பது எப்போதும் தெரிந்திருக்கவில்லை. அதனால் சொந்த இலக்கத்தைக் கொடுக்காமல் கடைக்காரருடையதைக் கொடுப்பது பலருக்குப் பழக்கமாயிற்று. அலுவலகங்கள் இதை "பொதுமக்களின் கவனக்குறைவு" என்கின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. கொடுத்த விபரம் எங்கே போகும் என்ற பயம் இருக்கும்வரை அவர்களுக்குச் சரியான விபரம் கிடைக்காது.

சட்டத்தில் குறையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. சேர்த்த நோக்கத்துக்கே தரவைப் பயன்படுத்த வேண்டும், சரியாகவும் காலத்துக்கேற்பவும் வைத்திருக்க வேண்டும் என்கிறது, திருத்தும்படி கேட்கும் உரிமையையும் தருகிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டதுதான் குறை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், பொது நலனோடு தொடர்பற்ற தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் கொடுக்கிறது.

அறிவித்தல் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அஸ்வெசும பெயர்ப்பட்டியல்களும் வாக்காளர் இடாப்பும் மக்கள் பார்த்து மேன்முறையீடோ ஆட்சேபனையோ செய்வதற்காகவே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அதை நான் ஏற்கிறேன். இறந்தவர் பெயரைக் கண்டு சொல்பவர் அயலவர்தான். நான் பார்த்த அன்று அதே பலகையில், பயிற்சி வகுப்பொன்றுக்குத் தெரிவான பெண்பிள்ளைகளின் பெயர்களோடு தொலைபேசி இலக்கங்களும் ஒட்டப்பட்டிருந்தன. அந்த இலக்கங்களைப் பார்த்து யாரும் ஆட்சேபனை செய்ய வேண்டிய தேவை இல்லை. உதவிப் பிரதேச செயலாளரிடம் சொன்னேன். இரண்டாம் தடவை போனபோது இலக்கங்கள் இருந்த நிரல் மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது.

போக இருப்பவர்களுக்கு: முதலில் கிராம அலுவலரிடம் போங்கள்; அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். பிரதி கொடுக்கும்போது எதற்காக, எந்தத் திகதியில் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். நான் எழுதிக் கொடுத்தேன், மறுக்கவில்லை. திருத்திய பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். வாக்காளர் இடாப்பு இதற்குள் அடங்காது; முகவரி மாறியிருந்தால் வருடாந்த மீளாய்வின்போது அதைத் தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் வேலை இரண்டாம் தடவையில் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த மாத அழைப்பு அம்மாவுக்கே வந்தது.