25 ஆயிரம் என்று சொல்லி ராஜினாமா எழுத வைக்கிறார்கள்: காரைக்குடிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கடையிலோ அரிசி மில்லிலோ நிரந்தர வேலையில் இருந்துகொண்டு, "இந்த எழவை எப்படா விட்டுத் தொலைப்போம்" என்று நினைப்பவர்களாகப் பார்த்து ஒரு மேன்பவர் ஏஜென்சி ஆள் எடுக்கிறது. பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் ஏமாந்தவர்களின் ஆர்டர், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எங்கே கை வைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான். "தம்பி, ஜவுளிக்கடையில காலையில ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிக்கணும். இங்க எட்டு மணி நேரம், ஏசி, 25 ஆயிரம். இப்பக் கான்ட்ராக்ட், ரெண்டு வருஷத்துல பெர்மனென்ட். திங்கக்கிழமைக்குள்ள சேரணும், இல்லைன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

முதலில் அந்த 25 ஆயிரம்.

இப்போதைய கடை வேலையில் அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000, மற்றவை 3,000, ஆக 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் 135 போக, கைக்கு 16,065. சீட்டில் கண்ணுக்குத் தெரியாத பணமும் உண்டு. முதலாளி தன் பங்காக பி.எஃப்.புக்கு 1,800 (அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகும்), இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் 585 கட்டுகிறார். கிராஜுவிட்டி (பணிக்கொடை) வருஷத்துக்கு 15,000 பெருக்கல் 15 வகுத்தல் 26, அதாவது 8,654, மாசத்துக்கு 721. போனஸைக் குறைந்தபட்சமாக 7,000 ரூபாய் அடிப்படையில் 8.33 சதவீதம் போட்டால்கூட மாசத்துக்கு 583.

ஏஜென்சி சீட்டைப் பாருங்கள். மேலே 25,000. கீழே பி.எஃப். 1,800. அதற்கு அடுத்த வரியில் இன்னொரு 1,800. அது முதலாளி பங்கு! அடுத்து "சர்வீஸ் சார்ஜ்" 5 சதவீதம், 1,250. மிச்சம் 20,150. மாசத்துக்கு 26 நாள் கணக்கு. பண்டிகை, காய்ச்சல் என்று இரண்டு நாள் போகாவிட்டால் 1,923 போய்விடும். கைக்கு 18,227. ஒப்பந்தம் 11 மாதம், நடுவில் ஒரு மாதம் சும்மா. 12 மாதத்துக்குப் பரப்பினால் 16,708. கடையில் வாங்கியதைவிட 643 ரூபாய்தான் அதிகம். கிராஜுவிட்டி கிடையாது, போனஸ் கொடுப்பதில்லை. தேவகோட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிறவருக்கு அந்த 643-ம் தங்காது.

இதில் இரண்டு விஷயம். ஆர்டரில் "மாதச் சம்பளம் 25,000" என்று எழுதிவிட்டு முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பது பி.எஃப். சட்டப்படி தவறு. "சி.டி.சி. 25,000" (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று எழுதியிருந்தால் கதை வேறு, அந்தத் தொகைக்குள்ளேயே முதலாளி பங்கும் அடங்கியிருக்கும். ஆகவே எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்பது ஆள் கேட்ட நிறுவனம் ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டிய கூலி. அதை உங்களிடம் வாங்கினால் இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இ.எஸ்.ஐ. உச்சவரம்பு 21,000. 25,000 சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தால் இ.எஸ்.ஐ.யே கிடையாது. வீட்டில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடும் அப்பா அம்மா இருந்தாலோ, பிள்ளைப்பேறு எதிர்பார்த்துக்கொண்டிருந்தாலோ, அந்த 135 ரூபாயின் மதிப்பு மருந்துக்கடை பில் வரும்போதுதான் தெரியும். பெண்களுக்கு 26 வாரப் பேறுகாலச் சம்பளமும் அந்த அட்டையில்தான் இருக்கிறது.

அடுத்தது "பெர்மனென்ட்". அரசு நிறுவனத்தில் போடுகிறோம் என்று சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது: தற்காலிகமாகவோ ஒப்பந்தத்திலோ சேர்ந்தவர், வேலை பார்த்த காரணத்துக்காகவே நிரந்தரம் கேட்க உரிமை இல்லை. அதற்குப் பிறகு சிலருக்குக் கோர்ட்டில் நிவாரணம் கிடைத்திருக்கிறது, ஆனால் அது பல வருஷ வழக்கு. நம் ஊர் ஆய்வகம், பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் புராஜெக்ட் வேலைகளுக்கு அறிவிப்பு அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே வரும். புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். அது நேர்மையான கான்ட்ராக்ட். நடுவில் ஆள் வைத்துக் காசு கேட்பது அது இல்லை.

தனியார் தொழிற்சாலை என்றால் தமிழ்நாட்டில் 1981-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். கட்டுமான வேலைக்கு இது பொருந்தாது. 11 மாதம், மாதம் 26 நாள் என்றால் ஒரு ஒப்பந்தத்துக்கு 286 நாள். இரண்டு ஒப்பந்தம் சேர்ந்தால் 572 ஆகி 480-ஐத் தாண்டிவிடும். அதனால்தான் இரண்டாவது ஒப்பந்தம் வேறு ஏஜென்சி பெயரில் வருகிறது. மிஷின் அதே, சூப்பர்வைசர் அதே, கேன்டீன் டீகூட அதே. அடையாள அட்டையில் பெயர் மட்டும் வேறு. பழைய அட்டையைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். வருகைப் பதிவையும் மாதம் ஒருமுறை படம் எடுத்து வைக்கவும்.

கான்ட்ராக்ட் என்பது செட்டிநாட்டுக்குப் புதுசு ஒன்றும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் நடத்த, போன செட்டியார் கடை ஏஜெண்டுகள் மூன்று வருஷக் கணக்குக்குத்தான் போனார்கள். முதலாளிகள் சம்பளச் சீட்டு எழுதி, ஒரு பகுதியை முன்பணமாகவும் கையில் கொடுத்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். இப்போதோ வேலைக்குப் போகிறவன் டெபாசிட் கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த டெபாசிட்டுக்கும் "திங்கக்கிழமை"க்கும் சம்பந்தம் உண்டு. அவசரப்படுத்துவதே, நீங்கள் ஆர்டரைப் படிக்காமல் பழைய வேலையை விட வேண்டும் என்பதற்காகத்தான். விட்ட பிறகு பேரம் பேச உங்களுக்கு வழி இல்லை. ஒரிஜினல் சர்டிபிகேட்டை "சரிபார்ப்புக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டு, பாதியில் போனால் பணம் கட்டு என்பார்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. நகலில் கையெழுத்திட்டுத் தேதி போட்டுக் கொடுங்கள். தொகை எழுதாத செக் எதற்கும் வேண்டாம். பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

ராஜினாமாவுக்கு முன் இரண்டு தேதி பார்க்கவும். ஒன்று, நிறுவனத்தின் லெட்டர்பேடில் முதலாளி யார், வேலை இடம் எது, எத்தனை மாதம், விலக எத்தனை நாள் நோட்டீஸ் என்று எழுதிய ஆர்டர் கைக்கு வந்த தேதி. இரண்டு, பழைய வேலையில் உங்கள் ஐந்து வருஷம் முடியும் தேதி. நாலு வருஷம் நாலு மாசத்தில் விட்டால், மேலே சொன்ன சம்பளத்துக்கு ஐந்து வருஷத்தில் வர வேண்டிய 43,269 ரூபாய் கிராஜுவிட்டி போச்சு. நாலு வருஷம் 240 நாளை ஐந்தாக எண்ணிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு, ஆனால் அதைக் காட்டிச் சண்டை போட்டு வாங்க வேண்டும். எட்டு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவது சுலபம்.

ஏஜென்சியைச் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டால், எந்தெந்த மாதம் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். 300 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு 40 பேருக்குக் கட்டியிருந்தால், நீங்கள் மிச்சம் 260-ல் ஒருவர். பெயரே வரவில்லை என்றால் பேச ஒன்றுமில்லை. "உங்களை கன்சல்டன்ட்டாக எடுக்கிறோம், பி.எஃப். கிடையாது, 10 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) மட்டும் பிடிப்போம்" என்பதும் ஒரு தந்திரம். அப்படிச் சேர்ந்தால் சட்டப்படி நீங்கள் அங்கே ஊழியரே இல்லை என்று வாதாடுவார்கள்.

சேர்ந்துவிட்டால் பி.எஃப்.புக்கான பழைய 12 இலக்க யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். புது எண் திறந்தால் பழைய சர்வீஸோடு சேர்ப்பதற்குள் நாய் படாத பாடு. பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும் என்பதால் சேர்க்காமல் விடவும் முடியாது. ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். 20-ம் தேதி வாக்கில், யு.ஏ.என்.னில் பதிந்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு மெசேஜாக வரும். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறவில்லை என்றால் மறதி என்று நினைக்காதீர்கள். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 316-ம் பிரிவில் வரும்.

இவ்வளவு சொன்னதால் பிடிக்காத வேலையிலேயே கிடந்து அழுங்கள் என்று அர்த்தமில்லை. நிறுவனமே நேரடியாக ஆர்டர் கொடுத்து, காலம் குறித்து, பி.எஃப். தன் பங்கில் கட்டி எடுத்தால், அந்த வேலையில் கற்றுக்கொள்வதற்கும் ஏதாவது இருந்தால், தாராளமாகப் போகலாம். கையில் ஆறு மாத வீட்டுச் செலவு இருக்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் விடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், 11 மாத ஆர்டரைப் பார்த்து வங்கிக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: சம்பளம் தராமல் ஏஜென்சி ஓடிவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்கக் கடமைப்பட்டது, தொழிலாளர் துறையில் இருவர் பெயரையும் சேர்த்து மனு கொடுங்கள். டெபாசிட்டை ஆன்லைனில் அனுப்பிவிட்டு உடனே சந்தேகம் வந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை ஏஜென்சி பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பணம் ஏறி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். பி.எஃப். அலுவலர்கள் மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்டத்துக்கு ஒரு முகாம் நடத்துகிறார்கள்; 27 விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், ஆதார், பழைய அடையாள அட்டையின் போட்டோ, எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.