டாய்ச்லாண்ட் டிக்கெட்: மியூனிக்கில் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா?

மியூனிக்குக்குக் குடிவந்த கையோடு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதச் சந்தா டிக்கெட்) எடுத்துவிடத் தோன்றும். ஆபீஸ் போகிறவருக்கு எடுங்கள், யோசிக்க வேண்டாம். மற்றவர்களுக்கு எடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த டிக்கெட். 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. ஜெர்மனி முழுக்க பஸ், டிராம், ஊ-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), ஆர்பி, ஆர்இ என்ற வட்டார ரயில்கள் எல்லாம் இதில் அடக்கம், இரண்டாம் வகுப்பில். ஐசிஇ, ஐசி, ஃபிளிக்ஸ்டிரெயின் என்ற தொலைதூர ரயில்களில் ஏறக்கூடாது. மண்டலக் கணக்கு இல்லை, மெஷினில் முத்திரை குத்தும் வேலை இல்லை. மியூனிக் போக்குவரத்துக் கூட்டமைப்பான எம்விவியின் மண்டல வரைபடத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதியின் அருமை தெரியும்.

நகரத்துக்குள், அதாவது 'எம்' மண்டலத்தில், பெரியவர் ஒருவர் ஒரு தடவை போக 4 யூரோவுக்கு மேல் ஆகிறது. மாதம் எட்டு நாள் போய் வந்தாலே 63 யூரோ தேறிவிடும். வேலை பார்ப்பவர் அதற்கும் முன் ஹெச்ஆரிடம் 'ஜாப் டிக்கெட்' உண்டா என்று கேட்க வேண்டும். கம்பெனி 25 சதவீதமாவது ஏற்றுக்கொண்டால் இன்னொரு 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அப்போது சம்பளத்திலிருந்து போவது அதிகபட்சம் 44.10 யூரோ. தானாக வந்து யாரும் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

காசு வீணாவது வீட்டில் இருப்பவர் பெயரில் எடுக்கும் டிக்கெட்டில்தான். வாரம் ஒரு தடவை கடைக்கு, மாதம் ஒன்றிரண்டு தடவை டாக்டரிடம், அவ்வளவுதான் என்றால் 'ஷ்ட்ரைஃபன்கார்ட்டே' போதும். பத்துக் கட்டம் போட்ட நீளமான அட்டை. 'எம்' மண்டலத்துக்குள் பெரியவருக்கு ஒரு பயணத்துக்கு 2 கட்டம். நான்கு நிறுத்தத்துக்குள் என்றால் 1 கட்டம், ஆனால் அந்த நான்கில் ஊ-பான் அல்லது எஸ்-பான் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது முத்திரை குத்துவதில். இரண்டு கட்டம் வேண்டுமென்றால் இரண்டிலும் குத்தக்கூடாது. முதல் கட்டத்தை விட்டுவிட்டு, இரண்டாவது கட்டம் மேலே வருகிற மாதிரி அட்டையை மடித்து, நீலப் பெட்டிக்குள் 'டிங்' என்று கேட்கும்வரை தள்ள வேண்டும். முதல் கட்டத்தில் மட்டும் குத்தினால் அது ஒரு கட்டத்துக்கான டிக்கெட், பரிசோதகரிடம் செல்லாது. குத்திய முத்திரை போகும் திசைக்கு மட்டும்தான். மணி இன்னும் மிச்சமிருக்கிறது என்று அதிலேயே திரும்பி வர முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் இந்த டிக்கெட் ரொம்ப மோசம். 6 வயது நிரம்பும்வரை காசே இல்லை. ஆறு முடிந்த மறுநாளிலிருந்து பிள்ளைக்கும் அதே 63 யூரோ. நாடு தழுவிய குழந்தை விலை என்று ஒன்று கிடையாது. அப்பா அம்மா இரண்டு பேரிடமும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளை இலவசமாக வர முடியாது. அதற்கும் ஷ்ட்ரைஃபன்கார்ட்டேதான் வழி: 6 முதல் 14 வயது வரை எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பயணத்துக்கு 1 கட்டம். பள்ளிக்கூடம் தூரமாக இருந்தால் அரசே பார்த்துக்கொள்ளும். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் 4ஆம் வகுப்பு வரை வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல், 5 முதல் 10ஆம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்கு மேல் என்றால் போக்குவரத்துச் செலவு இலவசம். பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏரிப்பக்கமோ ஆஸ்திரிய எல்லையில் இருக்கும் சால்ஸ்பர்க்குக்கோ போக ஒரு வழி இருக்கிறது. அப்பா தன் டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் வரட்டும். அம்மாவுக்கு ஒரு ஆளுக்கான பயர்ன் டிக்கெட் (பவேரியா முழுக்கச் செல்லும் ஒருநாள் டிக்கெட்) எடுத்தால், 15 வயதுக்குக் கீழே உள்ள சொந்தப் பிள்ளைகள் அதிலேயே இலவசம். வார நாளில் மட்டும் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். ஊருக்குள்ளேயே சுற்றுவதென்றால் எம்விவியின் குழு நாள் டிக்கெட்: ஐந்து பெரியவர் வரை போகலாம், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பெரியவர் கணக்கு, மறுநாள் காலை 6 மணி வரை செல்லும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் பெயர் போட்டது. கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் மனைவி அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. பரிசோதகர்கள் பல நேரம் சாதாரண உடையில் ஏறுவார்கள், கதவு மூடிய பிறகுதான் தங்கள் அட்டையை நீட்டுவார்கள். டிக்கெட்டோடு நம் போட்டோ உள்ள அடையாள அட்டையும் கேட்பார்கள். ரெசிடென்ஸ் கார்டு பையில் இருக்கட்டும். டிக்கெட் போன் ஆப்பில் இருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பியிருக்க வேண்டாம். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றால் அது நம் பாடு: அபராதம் 60 யூரோ. கையில் உண்மையிலேயே டிக்கெட் இருந்தது என்று பிறகு போய்க் காட்டினால் வழக்கமாக 7 யூரோவோடு விடுவார்கள். போன் பேட்டரி பழசு என்றால் சிப் அட்டையாகவே தரும் நிறுவனத்திடம் எடுப்பது புத்திசாலித்தனம்.

இது மாதச் சந்தா, காலண்டர் மாதக் கணக்கு. 20ஆம் தேதி ஆரம்பித்து முழு மாதக் காசு கொடுக்காதீர்கள், அடுத்த மாதம் 1ஆம் தேதிக்குப் போடுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முழுக்கச் சொந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஜூலை 10தான் கடைசி நாள். பெட்டி கட்டும் அவசரத்தில் இதை மறந்தால் நாலு பேருக்கு 252 யூரோ போச்சு.

கடை கண்ணிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பவேரியாவில் கடைகள் இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு லீவு. அதனால் சனிக்கிழமை மதியத்துக்குமேல் பஸ்ஸில் ஸ்ட்ரோலரோடு ஏறுவது பெரிய பாடு. நடுக்கதவில் ஏறுங்கள், வீல்சேர் வந்தால் அந்த இடத்தை விட்டுத்தர வேண்டும். 10 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் தூக்காமல் சக்கரம் வைத்த பையில் போடுங்கள், ஊ-பான் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் நகரப் போக்குவரத்து நிறுவனமான எம்விஜியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காலி பாட்டில்களையும் அதே பையில் கொண்டுபோகலாம்: ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால், வாங்கும்போது கட்டிய 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், ஆனால் நசுக்கிய பாட்டிலை மெஷின் துப்பிவிடும்.

டாக்ஸி கூப்பிட்டால் சைல்ட் சீட் வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லுங்கள். 12 வயது அல்லது 150 செ.மீ. ஆகும்வரை டாக்ஸியிலும் அது சட்டம். கார் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம்தான் செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும், எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்.