நக்கி ஜான்சனை வள்ளல் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கடற்கரைச் சுற்றுலா நகரம் அட்லாண்டிக் சிட்டி. அங்கே ஏறக்குறைய 30 ஆண்டுகள் அரசியலைக் கைக்குள் வைத்திருந்தவர் ஈனக் ‘நக்கி’ ஜான்சன். குளிர்காலத்தில் ஏழைகளுக்கு நிலக்கரி கொடுத்தார், மளிகை கொடுத்தார் என்று இன்றும் அவரைப் புகழ்கிறார்கள். தயவுசெய்து நம்பி ஏமாறாதீர்கள்.

அந்த ஊரின் பிழைப்பு கோடை சீசனை நம்பியது. சீசன் முடிந்தால் ஹோட்டல் தொழிலாளிகளுக்கு, குறிப்பாக நார்த்சைட் பகுதியில் வசித்த கறுப்பின மக்களுக்கு, வேலை இருக்காது. அப்போது வந்த ஒரு மூட்டை நிலக்கரிக்கு விலை தேர்தலன்று ஓட்டாக வசூலானது. அந்த உதவிக்குப் பின்னால் இருந்ததோ சாராயம், சூதாட்டம், விபச்சாரம் மூன்றிலும் வாங்கிய மாமூல். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நாடெங்கும் அமலில் இருந்தும் அங்கே மது தாராளமாகக் கிடைத்தது. மாமூல் கட்டியவன் கடையைப் போலீஸ் தொடாது, அவ்வளவுதான்.

இந்த வித்தையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன் ஊரை ஆண்ட லூயிஸ் கியூன்லி, நகரத்தின் குடிநீர்க் குழாய் வேலையைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். ஒப்பந்தம் ஒருவர் பெயரில் எடுக்கப்பட்டது. பிறகு அது கியூன்லிக்குப் பங்கு இருந்த கம்பெனிக்கே கைமாறியது. அப்பட்டமான பினாமி வேலை. டெண்டர் தாளை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். வேலை யாருக்கு மாற்றப்பட்டது, அந்தக் கம்பெனியில் யாருக்குப் பங்கு என்று பார்த்தால்தான் பிடிபடும். கியூன்லி சிறைக்குப் போனார். அதே ஊர் 1920இல் அவரை மறுபடி நகர கமிஷனராகத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் வேதனை.

ஜான்சன் இன்னும் கெட்டிக்காரர். அவர் வைத்துக்கொண்டது கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) பொருளாளர் பதவி. சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். வாழ்ந்ததோ ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் ஒரு தளம் முழுக்க, சட்டையில் தினமும் புதுச் சிவப்புப் பூவோடு. சம்பளத்துக்கும் செலவுக்கும் ஒட்டாத இந்தக் கணக்கு ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. ஆனால் உள்ளூரில் யார் கேட்பது? போலீசும் நீதிமன்ற ஊழியர்களும் அவர் தயவில் வேலைக்கு வந்தவர்கள்.

வெளியே இருந்து வந்த மத்திய வருமான வரித்துறைதான் கடைசியில் பிடித்தது. லஞ்சத்துக்கு ரசீது இருக்காது என்பதால் சுற்றுவழியில் ஆதாரம் தேடினார்கள். விபச்சார விடுதிகளின் வருமானத்தைக் கணக்கிட, சலவைக்குப் போன துண்டுகளைக்கூட எண்ணினார்கள். ஆனால் அவரைச் சாய்த்தது நம்பர் சூதாட்டம் (எண் மீது பணம் கட்டும் கள்ள லாட்டரி) நடத்தியவர்கள் பாதுகாப்புக்காக வாரம் 1,200 டாலர் கட்டிய விவகாரம். அதை வாங்கியதை ஜான்சனே ஒப்புக்கொண்டு, வரிக் கணக்கில் காட்டிவிட்டதாக வாதாடினார். எடுபடவில்லை. 1941இல் 10 ஆண்டு சிறை, 20,000 டாலர் அபராதம்.

கவனியுங்கள், தண்டனை வரி ஏய்ப்புக்கு மட்டும்தான். மாமூலுக்காகவோ ஓட்டு வாங்கியதற்காகவோ அல்ல. ஏமாந்த மக்களுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. 1945இல் பரோலில் வந்தவர், தன்னிடம் காசில்லை என்று சத்தியம் செய்து அபராதத்திலிருந்தும் தப்பினார். ஊர் அரசியலை ஆட்டிவைக்கும் அவர் நாற்காலியில் ஃபிராங்க் ஃபார்லி என்ற அரசியல்வாதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஃபார்லியை 1971 தேர்தலில்தான் தோற்கடிக்க முடிந்தது.