உயிலை எதிர்ப்பதா, பராமரிப்புக் கேட்பதா, உட்கார்ந்து பேசுவதா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் பெரியப்பா இறந்து, கருமாதி முடிந்த மறுநாள் ஒரு பக்க உயில் வெளியே வந்தது. நாற்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிச் சேர்த்த காசில் வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு முழுவதும் ஒரே மகனான சின்னவனுக்கு. பெரியம்மாவுக்கும், கட்டிக்கொடுத்த இரண்டு அக்காக்களுக்கும் ஒரு வரிகூட இல்லை. கோர்ட்டுக்குப் போவோம் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். எதைக் கேட்டுப் போவது என்றுதான் யாரும் யோசிக்கவில்லை. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத குடும்பத்துக்கு மூன்று வழி உண்டு. மூன்றும் வேறு வேறு.

முதலாவது, உயிலே செல்லாது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்காடுவது. எங்களுக்கு அது ஈப்போவில் இருக்கிறது. "அநியாயமாக எழுதிவிட்டார்" என்பது இங்கே எடுபடாது. பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் வைக்காமல் எழுதவும் ஒருவருக்கு உரிமை உண்டு. எழுதும்போது அவர் நிதானத்தில் இருந்தாரா, யாராவது நெருக்கினார்களா, கையெழுத்து அவருடையதுதானா, 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் சொல்கிறபடி இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்தார்களா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நிதானத்தோடு எழுதினார் என்று காட்டுவது உயிலைக் கொண்டுவருகிறவர் வேலை. நெருக்கி வாங்கினார்கள் என்றால், அதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவேடு கையில் இல்லாமல் இதில் இறங்குவது ஆபத்து. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம். ஜெயித்தாலும், பழைய உயில் ஒன்று இருந்தால் அது எழுந்து நிற்கும்.

பிரொபேட் (உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதி) இன்னும் கிடைக்கவில்லை என்றால், எங்களுக்குத் தெரியாமல் அதைத் தராதீர்கள் என்று முதலில் நீதிமன்றத்தில் ஒரு கேவியட் போட்டுவையுங்கள். ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். மூச்சு விட்டு யோசிக்கலாம்.

இரண்டாவது வழி, உயிலை ஏற்றுக்கொண்டே, பிழைக்க ஒரு பங்கு கேட்பது. 1971ஆம் ஆண்டு குடும்பப் பராமரிப்புச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. பெரியப்பா சுயபுத்தியில் எழுதினாரா என்று ஊரறிய இழுக்க வேண்டியதில்லை. பெரியம்மாவுக்குப் போதிய வழி செய்யவில்லை என்று காட்டினால் போதும். பிரொபேட் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். ஆனால் யார் கேட்கலாம் என்பதுதான் வலிக்கிறது. கணவன் அல்லது மனைவி, மணமாகாத மகள், மைனர் மகன், உடல் அல்லது மனக் குறையால் சொந்தமாகப் பிழைக்க முடியாத பிள்ளை, அவ்வளவுதான். பன்னிரண்டு வயதிலேயே அப்பாவோடு பால் வாளி தூக்கிய பெரிய அக்காவுக்கு, கல்யாணம் ஆன ஒரே காரணத்தால் இதில் இடமில்லை. இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

மூன்றாவது பேச்சு. வாயால் பேசி முடித்தால் போதாது. "அம்மா இருக்கும்வரை இருக்கட்டும்" என்ற வாக்கு, வீடு கைமாறிய அன்றே காணாமல் போகும். எல்லோரும் கையெழுத்திட்ட குடும்ப உடன்படிக்கையாக வக்கீலிடம் எழுதி, நில அலுவலகத்தில் கிராண்டில் (வீட்டு நிலப் பட்டாவில்) ஏற வேண்டியதை ஏற்றிவிட வேண்டும். (இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதிப் பணத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம். அது நியமனத்தில் பெயர் உள்ளவருக்கே போகும், உயில் அதைத் தொடாது.)

எங்களுக்கு எது சரி என்று பெரியம்மாவே சொல்லிவிட்டார். "வீடு எனக்கு வேணாம்ப்பா. என்னை வெளியே போகச் சொல்லாம இருந்தா போதும்." இதற்கு முதல் வழி தேவையே இல்லை; இரண்டும் மூன்றும் போதும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் பெரிய அக்கா உயிலை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டாவது சாட்சிக்குக் கீழே இருந்த ஐசி (அடையாள அட்டை) நம்பரை விரல் வைத்துப் படித்தார். அது சின்னவன் மனைவியின் நம்பர். நம் பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் ஐசியில் அப்பா பெயர்தானே, அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. சாட்சிக்கோ சாட்சியின் கணவனுக்கோ எழுதியது செல்லாது. உயில் மட்டும் நிற்கும். வீட்டைத் தவிர அந்த உயிலில் வேறொன்றும் இல்லை. பெரியப்பாவைப் பெற்றவர்களும் உயிரோடு இல்லை. ஆகவே வீடு, உயிலே எழுதாததுபோல 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி பிரியும்: பெரியம்மாவுக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு.

அன்று மாலையே சின்னவன் பேச வந்தான். உடன்படிக்கையில் முதல் வரியாக, பெரியம்மா உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்பதில்லை என்று எழுதினோம்.