ஆடியா, புரட்டாசியா? கொங்குநாட்டு வீட்டுத் தோட்டத்துக்கு எந்தப் பட்டம்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைக் கோவை, பல்லடம், உடுமலைப் பக்கத்தில் எல்லாச் செடிக்கும் பொருத்திவிட முடியாதுங்க. ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது இங்கே மழையை முந்திக்கொண்டு வருவது காற்றுதான். சுமார் 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காத்து, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, விடாமல் அடிக்கும். தென்மேற்குப் பருவமழையோ பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். நமக்கு விழும் சாரல் வேர்வரை இறங்காது. நம்மை நனைக்கும் மழை ஐப்பசி மழைதான்.

ஆனாலும் பந்தல் அவரைக்கு ஆடியை விட்டால் வேறு பட்டமில்லை. பகல் பொழுது சுருங்கினால்தான் அது பூவெடுக்கும். ஆடியில் ஊன்றினால் அதற்குள் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து, மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். புரட்டாசியில் ஊன்றினால் கொடி வளருமுன்பே பூத்துவிடும், காயும் சொற்பம்தான். செடி அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பீர்க்கன், புடலை, சுரையையும் ஆடியிலேயே போடலாம். இளங்கொடி காற்றில் கிழக்கே சாய்ந்து தண்டு முறியும். வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். மேற்கு வேலியோரம் அகத்தி இருந்தால் இன்னும் நல்லது.

தக்காளி, மிளகாய்க்கு நான் புரட்டாசியைத்தான் சொல்வேன். வறண்ட காற்றுக் காலத்தில் வெள்ளை ஈ பெருகி, தக்காளிக்கு இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவந்துவிடும். வந்தபின் செடியைப் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. புரட்டாசி முதல் வாரத்தில் நாற்று விட்டால் ஏறக்குறைய 25 நாளில் தக்காளி நடவுக்குத் தயார், ஐப்பசி ஈரமும் கிடைக்கும். மிளகாய் நாற்றுக்கு இன்னும் பத்து நாள் கூடுதலாகும்.

கொத்தமல்லியும் முள்ளங்கியும் குளிர்ச்சிக்குத்தான் ஒழுங்காக வரும். வெயிலில் போட்ட மல்லி தழைக்காமல் பூவுக்கு ஓடிவிடும். விதையை அப்படியே தூவாமல், சாக்கில் பரப்பிச் செங்கலால் மெதுவாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். முழு உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது.

புரட்டாசிப் பட்டத்தில் பயப்பட வேண்டியது நாற்றழுகலுக்கு. கரிசல் மண்ணில் ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கும். அதனால் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிவிட்டு நாற்று விடுங்கள். செம்மண்காரர்களுக்கு அரைச் சாண் போதும்.