எக்கோநெட்டில் நான்கு ஆண்டுகள்: மூன்று பழைய கணினி, ஒரே வயர்

இங்கிலாந்தில் எங்கள் வீட்டு மாடியறையில் 1980களின் கணினிகளான பிபிசி மைக்ரோ மாடல் பி இரண்டும், அதற்கு அடுத்து வந்த மாஸ்டர் 128 ஒன்றும் இருக்கின்றன. எதிலும் பிளாப்பி டிரைவ் கிடையாது. மூலையில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றுதான் மூன்றுக்கும் கோப்புகளைத் தரும் ஃபைல் சர்வர். கணினிகளை வயரால் இணைக்கும் எக்கோநெட் என்ற நெட்வொர்க்குக்கான இணைப்புப் பலகை ஒன்றை அதன்மேல் பொருத்தியிருக்கிறேன். 1980களில் பள்ளிக்கூட வகுப்பறைகளுக்காக, பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏக்கார்ன் நிறுவனம் விற்ற இந்த நெட்வொர்க் இன்றைக்குத் தாங்குமா என்றால், தாங்கும். வயரை மட்டும் ஒழுங்காகப் போட வேண்டும்.

என் முதல் இரண்டு மாதத்தை அந்த வயர்தான் தின்றது. டேட்டாவுக்கு ஒரு ஜோடி, நேரம் காட்டும் துடிப்புக்கு (கிளாக்) ஒரு ஜோடி, கிரவுண்ட் ஒன்று என ஐந்து முனை டின் (DIN) பிளக். கிளாக் துடிப்பை அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். வயரின் இரு முனையிலும் சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் வேண்டும். நானே சால்டர் வைத்த பிளக்கில் கிளாக் வயர் ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை. காலையில் நன்றாக ஓடும், மாலையில் 'நோ கிளாக்' என்று நிற்கும். நெட்வொர்க் மென்பொருள் இருக்கும் ரோம் (ROM) சிப்பைச் சந்தேகப்பட்டேன், நெட்வொர்க்கை இயக்கும் 6854 சிப்பைச் சந்தேகப்பட்டேன். பிளக்கைப் பிரித்துப் பார்க்கக் கடைசியில்தான் தோன்றியது. இப்போது எந்தப் பிழை வந்தாலும் மீட்டரோடு முதலில் பிளக்குக்குத்தான் போகிறேன்.

அடுத்தது ஸ்டேஷன் நம்பர், அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்குமான முகவரி. மாடல் பி-யில் அதை போர்டில் உள்ள லிங்க்குகள் தீர்மானிக்கின்றன. நான் வாங்கிய இரண்டு மெஷினிலும் ஒரே நம்பர் இருந்ததால் ஒன்றுக்கு வர வேண்டிய பதிலில் மற்றதும் குறுக்கிட்டது. மாஸ்டர் அந்த நம்பரை பேட்டரி காக்கும் நினைவகத்தில் வைத்திருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் பேட்டரி தீர்ந்து, நம்பரும் போய்விட்டது. பழைய பேட்டரி கசிந்து போர்டை அரிக்கவும் செய்யும். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் சரியானபின் கிடைப்பது பெரிய சுகம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு பிரேக் விசையைத் தட்டினால், மெஷின் தானாகவே சர்வரில் 'பூட்' என்ற பயனராக நுழைந்து '!பூட்' கோப்பை ஓட்டுகிறது. அதில் ஒரு மெனு எழுதி வைத்திருக்கிறேன். அதை ஒருமுறை திருத்தினால் மூன்று மெஷினுக்கும் திருத்தியதாகிவிடும். திரை முழுவதையும் நிரப்பும் 20 கேபி படம் ஒன்று இரண்டு மூன்று நொடியில் வந்து நிற்கிறது. கேசட்டில் இதற்கே மூன்று நிமிடம் ஆகும். 1984-ல் இந்திய அரசின் கிளாஸ் (CLASS) என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவில்தான் நான் பேசிக் (BASIC) என்ற நிரல்மொழியைக் கற்றேன். கேசட்டின் கீச்சொலி முடியும்வரை திரையைப் பார்த்துக் காத்திருந்த பையனுக்கு இதைக் காட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கோப்புப் பகிர்வும் நன்றாகவே சிந்தித்துச் செய்யப்பட்டது. உரியவருக்கு ஓர் உரிமை, மற்றவர்களுக்கு வேறோர் உரிமை என்று ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம். மகள் ஒரு மெஷினில் எழுதும் பேசிக் நிரலை நான் இன்னொன்றில் ஏற்றிப் பார்க்கிறேன். அவள் அனுமதிக்காமல் திருத்த முடியாது. கோப்புப் பெயருக்கு 10 எழுத்து. ஏக்கார்னின் டிஸ்க் முறை தருவது 7 மட்டுமே, அதுவும் ஒரு பக்கத்துக்கு 31 கோப்புகள்தான். '*வியூ' கட்டளையால் அடுத்த மெஷினின் திரையை எட்டிப் பார்க்கலாம், ஆசிரியர்களுக்காக வைத்தது. மகள் உட்கார்ந்ததும் '*புராட்' அடித்து அதை மூடிவிடுகிறாள், அது அவள் உரிமை.

விளையாட்டுகள்தான் உண்மையான குறை. டிஸ்க் முறையோடு எக்கோநெட்டும் சேர்ந்தால் மாடல் பி-யின் 32 கேபி நினைவகத்தில் இன்னுமொரு 512 பைட் போய்விடும். டிஸ்க்குக்கென்று இடம் கணக்கிட்டு எழுதிய சில நிரல்களுக்கு அந்தக் கொஞ்சம் போதவில்லை. வேறு சில, நெட்வொர்க் பயன்படுத்தும் நினைவகப் பகுதியின் மேலேயே தம்மை ஏற்றிக்கொண்டு சர்வர் தொடர்பை அறுத்துவிடுகின்றன. அதன்பின் பிரேக் அடிப்பதைத் தவிர வழியில்லை. பல கட்டமாக ஏற்றும் விளையாட்டுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஒரு டிரைவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடல் பி வாங்கப் போகிறவர்கள் மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் எக்கோநெட் பிளக் செருகும் துளை இருப்பதால் மட்டும் உள்ளே சிப்புகள் இருக்கும் என்று நம்ப முடியாது. பல மெஷின்களில் அந்த இடம் காலியாகவே இருக்கும். பவர் சப்ளையில் உள்ள பழைய ஃபில்டர் கப்பாசிட்டர்களை மின்சாரம் கொடுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். என் இரண்டாவது மெஷினில் அதைத் தள்ளிப்போட்டேன்; அறை முழுக்கப் புகை, வாடை போக மூன்று நாள் ஆனது.