எத்திரியமா சொலானாவா: இரண்டிலும் அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

எத்திரியம், சொலானா இரண்டும் கிரிப்டோ பணம் ஓடும் பிளாக்செயின் நெட்வொர்க்குகள், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்குப் புத்தகங்கள். இரண்டின் வாலட்டையும் (கிரிப்டோவை அனுப்பவும் வாங்கவும் உதவும் ஆப்) பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்து ஒரே நேரத்தில் பணம் அனுப்பினால் முதல் சுற்று சொலானாவுக்குத்தான், அதில் பேச்சே இல்லை. விரலை எடுப்பதற்குள் 'போய்ச் சேர்ந்தது' என்கிறது. எத்திரியத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சொலானாவில் 400 மில்லிநொடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு), எத்திரியத்தில் 12 நொடிக்கு ஒன்று, அப்புறம் எப்படி? இனி மாற்றவே முடியாது என்ற முழு உறுதிக்குச் சொலானா 13 நொடி போல எடுக்கும், எத்திரியம் 13 நிமிடம் போல.

ஆனால் சொலானா ரசிகர்கள் 'நொடிக்கு இத்தனை ஆயிரம் பரிவர்த்தனை' என்று காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினிகளான வேலிடேட்டர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் வாக்குகளும் பெரும்பாலும் அதில் சேர்த்தி. கழித்துப் பார்த்தாலும் எத்திரியத்தைவிடப் பல மடங்கு அதிகம்தான், அப்படியிருக்க ஏன் ஊதிக் காட்டுகிறார்கள் என்றுதான் புரியவில்லை.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சொலானாவில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் எந்தெந்தக் கணக்கைத் தொடப்போகிறது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறது, அதனால் ஒன்றோடொன்று மோதாதவற்றை எல்லாம் ஒரே சமயத்தில் ஓட்டிவிடலாம். எத்திரியம் அடிப்படையில் ஒற்றை வரிசை, முன்னால் நிற்பவர் முடித்தால்தான் அடுத்தவர். சரி, இதற்கு விலை? சொலானா வேலிடேட்டருக்கு நூற்றுக்கணக்கான ஜிபி ரேம் உள்ள சர்வர் வேண்டும். எத்திரியத்தை வீட்டு மேசையில் உள்ள நல்ல கணினியிலேயே ஓட்டலாம், வேலிடேட்டராக 32 ஈத்தர் (எத்திரியத்தின் நாணயம்) பூட்டி வைக்க வேண்டும் என்பது வேறு கதை.

அடுத்தது நம்பகம். 2021 செப்டம்பரில் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) கொட்டிய பரிவர்த்தனை வெள்ளத்தில் சொலானா சுமார் 17 மணி நேரம் படுத்துவிட்டது. 2024 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் மறுபடியும் 5 மணி நேரம் போல நின்றது. எத்திரியமோ 2022 செப்டம்பரில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, மைனிங்கிலிருந்து (கணினிகள் போட்டிபோட்டுக் கணக்கிட்டு பிளாக் சேர்ப்பது) ஸ்டேக்கிங்குக்கு (நாணயத்தைப் பூட்டி வைத்தவர்கள் சேர்ப்பது) இன்ஜினையே மாற்றிக்கொண்டது. கெத், நெதர்மைண்ட், பெசு என்று வெவ்வேறு குழுக்கள் எழுதிய மென்பொருள்கள் அதில் ஓடுவதால் ஒன்றில் பிழை வந்தாலும் மொத்தமும் சாயாது. சொலானாவுக்கும் இப்போது ஃபயர்டான்சர் என்று தனியாக ஒன்று வந்திருக்கிறது, நல்லது.

கட்டணம் என்றால் எத்திரியக்காரர்கள் உடனே எத்திரியத்தின் மேல் ஓடும் துணை நெட்வொர்க்குகளான ஆர்பிட்ரம், பேஸ் பக்கம் கை காட்டுவார்கள். 2024 மார்ச் மேம்படுத்தலுக்குப் பிறகு அவை உண்மையிலேயே மலிவு. ஆனால் எந்த நெட்வொர்க்கில் எந்த டோக்கன் (அங்கே புழங்கும் கிரிப்டோ நாணயம்) கிடக்கிறது என்று தேடி அலைவது எரிச்சல், அதிகாரபூர்வ பிரிட்ஜ் (நெட்வொர்க்குகளுக்கு இடையே பணத்தை மாற்றும் பாலம்) வழியாக எத்திரியத்துக்குத் திரும்பக் கொண்டுவர 7 நாள் காத்திருப்பு வேறு. சொலானாவில் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கிறது.

எனக்கு அன்றாடச் சில்லறை வேலைக்குச் சொலானா, வருடக்கணக்கில் தொடாமல் கிடக்க வேண்டியதற்கு எத்திரியம். சொலானாவில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடிப்படைக் கட்டணம் 0.000005 சோல்தான் (சோல் என்பது சொலானாவின் நாணயம்), ஆனால் புது டோக்கன் ஒன்றை முதல்முறை வாங்கும்போது அதற்கான கணக்குக்கு 0.002 சோல் போலப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதாவது 400 மடங்கு. காலிக் கணக்கை மூடினால் திரும்ப வந்துவிடும். போன வாரம் ஆறை மூடினேன், 0.012 சோல் வந்து விழுந்தது.